வெயிலில் கிடக்கும் குழாய் பாதி வேலையே

மண்சரிவினால் வீடிழந்து, இன்னோர் இடத்தில் அடுப்பு மூட்டியிருக்கும் நமக்குத் தண்ணீரின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது. புதிய இடத்திலே பழைய பீலி இல்லை. மேலேயுள்ள ஊற்றிலிருந்து குழாயில் இறங்கிவரும் தண்ணீரே குடிக்கவும், குளிக்கவும், கோவா நாற்றுக்கு ஊற்றவும் உதவுகிறது.

அந்தக் குழாய் எங்கே கிடக்கிறது? பல குடியிருப்புகளில் அது புல்லின் மேலும் பாறையின் மேலும் வெயிலில் கிடக்கிறது. திறப்பு விழாவன்று தண்ணீர் வருகிறது, எல்லோரும் கைதட்டுகிறோம். சில ஆண்டுகளில் குழாய் வெளிறி, மாப்பூசியதுபோல் ஆகி, மாடு மிதித்தாலும் வெடிக்கிறது. பழியைத் 'தரமில்லாத சாமான்' மீது போடுகிறோம். சாமானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அதை மூடாமல் விட்டதே பெரிய குறை என்பது எமது கருத்து.

குளிர் நாடுகளில் உறைபனியில் குழாய் வெடிக்காதிருக்க அதற்குப் போர்வை சுற்றுவார்கள். பதுளையிலும் பண்டாரவளையிலும் குழாய்க்கு எதிரி பனியல்ல, வெயில். சாம்பல் நிறப் பி.வி.சி. குழாயைச் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பிலிருந்து முறுகச் செய்கிறது. சூடும் சேர்ந்து கெடுக்கிறது. 100 மீற்றர் நீளமான பி.வி.சி. குழாய் 20 பாகை சூடேறினால் 12 சென்றிமீற்றருக்கு மேல் நீள்கிறது. இரவில் மீண்டும் சுருங்குகிறது. நாள்தோறும் இப்படி இழுபட்டால் மூட்டுகள் தளராமல் என்ன செய்யும்? குழாயின் சூடு 40 பாகையை எட்டும்போது அது தாங்கக்கூடிய அழுத்தமும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. கறுப்புப் பொலித்தீன் குழாயில் கரித்தூள் கலந்திருப்பதால் அது வெயிலை அதிக காலம் தாங்கும். ஆனால் நண்பகலில் அதற்குள் நிற்கும் தண்ணீர் கொதிநீர்போலாகி நாற்றைக் கருக்கிவிடும்.

மலைச்சரிவில் வாழும் நமக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஐந்து நிமிடத்தில் பத்து இலீற்றர் வாளியை நிரப்பும் ஒரு வெடிப்பு, ஒரு நாளில் 2,880 இலீற்றர் தண்ணீரை மண்ணுக்குள் விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்கெனவே ஊறிய சரிவுக்கு இது மேலும் பாரம். மண்சரிவுக்கு அஞ்சி இடம்மாறிய நாம், நமது குழாயினாலேயே புதிய சரிவை ஊறவைக்கலாமா?

தீர்வு கடினமானதல்ல. முதலாவது வழி புதைப்பதே. ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழத்தில், கல் பொறுக்கிய மண்ணை அடியிலும் மேலும் இட்டு மூடினால் வெயிலும் படாது, மண்வெட்டியும் படாது. நிரப்பிய மண்ணை நன்கு இடித்து இறுக்கிப் புல் பதிக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கானே மழைநீருக்கு வாய்க்காலாகிவிடும். சரிவு அபாயமுள்ள இடமென்றால், மண் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுவது அவசியம்.

பாறையும் ஓடையும் குறுக்கிடும் இடத்தில் புதைக்க முடியாது. அங்கே நாகம் பூசிய இரும்புக் குழாயை இடலாம், அல்லது பி.வி.சி. குழாய்க்கு மேலுறை போடலாம். நம்மில் பலர் உரப்பையையும் சாக்கையும் சுற்றிவிட்டு நிம்மதியடைகிறோம். உரப்பை வெயிலில் நாராகிக் காற்றில் பறந்து பாத்தியெல்லாம் பரவுகிறது. சாக்கு ஈரத்தைப் பிடித்துவைத்து உக்குகிறது. கடையில் விற்கும் கறுப்பு நுரைக் குழாயுறைகூட வெயிலில் பொடிந்துவிடும். அதற்குள் ஈரம் புகுந்தால் சூட்டைத் தடுக்கும் சக்தியும் போய்விடும். ஆகவே உறைக்கும் ஓர் உறை வேண்டும். பழைய கூரைத் தகரத்தை வளைத்து, ஓடு வேய்வதுபோல மேல்துண்டு கீழ்த்துண்டை மூடும்படி, பொருத்துவாய் கீழ்நோக்கி இருக்குமாறு கட்டுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால், குழாயைக் கழுவி உலர்த்தி, தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் வர்ணத்தை இரண்டு பூச்சுப் பூசலாம். கச்சான் காற்று தொடங்குமுன் ஆண்டுதோறும் அதைப் பார்த்து, உதிர்ந்த இடத்தில் மீண்டும் பூச வேண்டும்.

இதை யார் செய்வது? கட்டித்தரும் நிறுவனங்கள் வீடுகளையும் குழாய்வாய்களையும் எண்ணுகின்றன. கான் வெட்டும் செலவு மண்ணுக்குள் மறைந்துவிடுவதால் முதலில் குறைக்கப்படுவது அதுவே. எனவே பொறுப்பேற்றுக் கையொப்பமிடுமுன் ஊற்றிலிருந்து வீட்டுவாசல்வரை குழாய்வழியே நாம் நடந்து பார்க்க வேண்டும். மூடப்படாத பகுதி எவ்வளவு, அதை யார் மூடுவார், எப்போது மூடுவார் என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். 2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டபின், 'தோட்டத்துக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாது' என்ற பழைய பதில் செல்லாது.

கேட்பதோடு நமது கடமை முடிவதுமில்லை. 1993இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் செயற்பட்டது. குழாய்த்திட்டத்தைப் பாவனையாளர் சங்கமே நடத்தி, மாதக் கட்டணம் சேர்த்துப் பராமரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிராமத்தவருக்குப் பொருந்திய முறை நமக்கும் பொருந்தும். குடும்பத்துக்கு ஒருவர் வீதம் ஒரு ஞாயிறு பிற்பகல் வந்தால் நீண்டதொரு கானை வெட்டி மூடலாம்.

வீட்டைக் கூரையின்றி எவராவது கையளித்தால் நாம் ஏற்போமா? மூடாத குழாயும் அப்படியே. கூரைபோட்ட வீட்டைக் கேட்டுப் பெற்ற நாம், மூடிய குழாயையும் கேட்டுப் பெறுவோம். பெற்றதை நாமே காப்போம்.