தனித்து வாழும் பெண்டிருக்கு வீடும் சங்கங்களின் கடமையும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் இரு காரியங்களையும் ஒருங்கே சேர்த்துச் சொல்லி வைத்தார்கள். இரண்டும் எளிதில் முடிவன அல்ல என்பதே அதன் கருத்து. ஆயின் கல்யாணம் முறிந்த அன்றே வீட்டையும் இழந்து நிற்கிற பெண்ணைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. நம்முடைய சங்கங்களின் துணை விதிகளும் ஒன்றும் சொல்லவில்லை. இது குறித்து அங்கத்தினர்கள் சற்றே சிந்திக்க வேண்டும் என்பது நமது விருப்பம்.

பத்தாண்டுகளுக்கு மேலாக நெசவாளர் சங்கங்களையும் விவசாயிகள் சங்கங்களையும் பார்வையிட்டு வரும் நமக்கு, பேரேடுகளில் காணப்படும் பெயர்களைவிடக் காணப்படாத பெயர்களே பல சமயங்களில் அதிகம் பேசுகின்றன. சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புச் சரக்கைச் சரிபார்த்துக் கொண்டிருந்தபோது, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் வாசற்படியில் வந்து நின்றார். “ஐயா, என் பெயருக்கு ஒரு பாவு கொடுக்கச் சொல்வீர்களா?” என்று கேட்டார். காரியதரிசி பேரேட்டைப் புரட்டினார். அவர் பெயர் அதில் இல்லை. பங்குத் தொகை, கூலிப் பட்டியல், சேமிப்புக் கணக்கு யாவும் கணவர் பெயரிலேயே இருந்தன. பதினோர் ஆண்டுகளாக அந்தத் தறிக்குத் தார் சுற்றியவரும், பாவு பிணைத்தவரும், பாதி நாள் தறியில் அமர்ந்து நெய்தவரும் அந்த அம்மையாரே. ஆயினும் சங்கத்தின் கண்ணுக்கு அவர் நெசவாளி அல்லர்.

காரியதரிசி நல்ல மனிதர். “சங்க எல்லைக்குள் ஒரு வீடு பிடித்துத் தறி போட்டுவிட்டு வாருங்கள் அம்மா, அங்கத்தினராகச் சேர்த்துக் கொள்கிறோம்” என்றார். அதற்கு அவர் சொன்ன விடையை நாம் இன்னும் மறக்கவில்லை. “தறி போட வீடு வேண்டும் ஐயா. வீட்டுக்கு முன்பணம் வேண்டும். முன்பணம் சேர்க்க நெய்ய வேண்டும். நெய்வதற்குத் தறி வேண்டும். நான் எங்கே தொடங்குவது?”

இவ்வட்டத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அலுவலகத்தில் பணியாற்றும் ஒரு பெண் கணவனைப் பிரிந்தால் வீட்டை இழக்கிறாள். ஆனால் மறுநாள் காலையில் அவளுக்கு வேலை இருக்கிறது. நெசவாளிப் பெண்ணோ வீட்டோடு தொழிற்சாலையையும் இழந்துவிடுகிறாள். தறி இருக்கும் இடமே அவளுக்கு வீடு. விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் நிலையும் இதுவே. பட்டா கணவர் பெயரில் இருக்கிறது. பால் சங்கத்தில் பால் ஊற்றுவது அவளாயினும் அங்கத்தினர் அட்டை பெரும்பாலும் அவர் பெயரில்தான். ஒரு கறவை மாட்டை அவள் ஓட்டிக்கொண்டு வந்தாலும், வாடகை வீட்டு வாசலில் அதைக் கட்ட யார் இடம் தருவார்கள்?

2019-20ஆம் ஆண்டு அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். இத்தொழிலின் பெரும்பாரம் யார் தோளில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நிற்க. அந்த அம்மையார் வீடு தேடிய கதையையும் சொல்ல வேண்டும். முதலில் அண்ணன் வீட்டுக்குச் சென்றார். ஒரே கூடம், அதில் ஒரு தறி, அண்ணன், அண்ணி, மூன்று குழந்தைகள், வயதான தாயார். நான்கு வாரங்களில் அண்ணியின் முகம் மாறியதைக் குறை சொல்ல இயலாது என்று அவரே சொன்னார். பின்னர் ஒன்பது வீடுகளைப் பார்த்தார். “வீட்டுக்காரர் வெளியூரிலா இருக்கிறார்?” என்ற முதற் கேள்விக்கு உண்மையான விடை சொன்னவுடன் நான்கு வீடுகளில் பேச்சு முடிந்தது. இரண்டு வீடுகளில் தரையைத் தோண்டிக் குழித்தறி இறக்கக் கூடாது என்றார்கள். மற்ற இரண்டில் வாடகை 3,000 ரூபாய், முன்பணம் 30,000 ரூபாய். ஊருக்கு வெளியே 1,800 ரூபாய்க்கு ஒரு வீடு இருந்தது. ஆனால் தெருப்பாவு போடுவதற்கு நீண்ட தெருவும் வேண்டும், கூடமாட நின்று உதவும் நெசவுக் குடும்பங்களும் வேண்டும். மலிவான வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது. தொழிலோ நெசவுத் தெருவில் இருக்கிறது. தனித்து நெய்தால் அவருக்கு வாரம் 1,500 ரூபாய்க்கு மேல் வராது. மாதம் 6,000 ரூபாயில் 3,000 ரூபாய் வாடகைக்குப் போனால் வயிற்றுக்கு என்ன மிஞ்சும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

சட்டம் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 அக்டோபர் முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. வீடு யார் பெயரில் இருந்தபோதிலும் மனைவிக்கு அதில் வாழும் உரிமை உண்டு என்றும், முறையான சட்ட வழியிலன்றி அவளை வெளியேற்றலாகாது என்றும் அது கூறுகிறது. கொடுமைக்குள்ளான பெண்ணுக்கு வேறு வீடு அமர்த்திக் கொடுக்குமாறோ, அவ்வீட்டின் வாடகையைச் செலுத்துமாறோ கணவனுக்கு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். மாமனார் பெயரில் வீடு இருந்தாலும், கணவனோடு அவள் வாழ்ந்த இல்லமாக இருந்தால், இந்த உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆகவே பிரிந்த பெண்தான் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற எண்ணமே பிழையானது.

பிறந்த வீட்டைப் பற்றியும் ஒரு சொல். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், திருமணமாகாத மகளும், விதவையான மகளும், கணவனால் கைவிடப்பட்ட அல்லது கணவனைப் பிரிந்த மகளும் தந்தையின் வீட்டில் தங்குவதற்கு மட்டும் இடம் கொடுத்திருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக் கொள்ள முன்வந்தாலன்றி அவ்வீட்டில் பாகம் கேட்க இயலாது. அந்தத் தடையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அறவே நீக்கிவிட்டது. இன்று மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. அண்ணன் வீட்டில் ஒதுங்குவது பிச்சை என்று கருதும் சகோதரிகள் இதனை அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிடலாம். இன்றிரவு படுப்பதற்குப் பாயை அது கொடுப்பதில்லை. வழக்கு முடிய நாளாகும். கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் வழங்கும் ஓய்வூதியமோ, சட்டப்படி விவாகரத்தோ பிரிவோ பெறாதவர் ஐந்தாண்டுகள் காத்திருந்த பிறகே கிடைக்கக் கூடியது. பணிபுரியும் மகளிருக்கான அரசாங்கத்தின் தோழி விடுதிகள் நகரங்களில் நற்பணி ஆற்றுகின்றன. ஆனால் விடுதி அறையில் தறி போட இயலாது. நகர்ப்புறங்களுக்கென 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. மேற்சொன்ன வீட்டுக்கு அது 9,000 ரூபாய்தான். ஆனால் ஒன்பது படிகளில் ஏறி இறங்கிய பெண்ணுக்கு வீட்டுக்காரரிடம் சட்டம் பேசும் துணிவு எங்கிருந்து வரும்? அவளுக்காக இன்னொருவர் பேச வேண்டும். அந்த இன்னொருவர் சங்கமாக இருக்க வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

சங்கம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். நான்கு காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, பெயர். வீட்டில் நெய்கிற மனைவியை, சண்டையும் பிரிவும் வருவதற்கு முன்பே, தனி அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். அவள் நெய்ததற்கான கூலி அவள் பெயரில் எழுதப்பட வேண்டும். சேமிப்பும் அவள் கணக்கிலேயே சேர வேண்டும். இதனால் எந்தக் கணவனுக்கும் நஷ்டமில்லை. ஒற்றுமையாக வாழும் குடும்பத்துக்கு இரண்டு கணக்குகளும் ஒரே உலையில்தான் அரிசி போடும்.

இரண்டாவது, முன்பணம். அங்கத்தினருக்கு வீட்டு முன்பணத்துக்காகச் சிறு கடன் வழங்கத் துணை விதிகளில் இடம் செய்யலாம். 9,000 ரூபாயை வாரம் 100 ரூபாய் வீதம் கூலியில் பிடித்தால் 90 வாரங்களில் அசல் தீர்ந்துவிடும். கடன் மோசம் போகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கூலி கொடுக்கும் கையே தவணையையும் பிடித்துக் கொள்கிறது. இதைவிட நல்ல ஈடு வேறு இல்லை. துணை விதித் திருத்தத்தைப் பொதுப் பேரவை ஏற்றுப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். இம்முறை அறிந்ததுதான், அரியதன்று.

மூன்றாவது, தறி. பல சங்கங்களின் கிடங்குகளில் பழுதான சட்டத்தறிகள் தூசி படிந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். குழித்தறிக்குத் தரையைத் தோண்ட வேண்டும், சட்டத்தறிக்கு வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் ஆட்சேபணையில் பாதி அத்தோடு தீர்ந்துவிடும். அத்தறிகளைப் பழுது பார்த்து வாடகைக்குத் தரலாம். சங்கத்துக்குச் சொந்தமான தொழிற்கூடம் காலியாக இருந்தால் அதில் இரண்டு தறிக்கு இடம் ஒதுக்கலாம். வேலைக்குத் தனி இடம் கிடைத்துவிட்டால், படுப்பதற்குச் சிறிய அறையே போதும், வாடகையும் குறையும்.

நான்காவது, நகை. இது விவசாயக் கடன் சங்கங்களுக்குச் சொல்வது. மனைவியின் நகையைக் கணவர் தம் பெயரில் அடகு வைப்பது நாள்தோறும் நடப்பது. பிரிந்த பின்னர், வீட்டு முன்பணத்துக்கு அவளிடம் எஞ்சியிருக்கும் ஒரே சொத்து அந்த நகைதான். ஆனால் அடகு வைத்தவரிடமே அதைத் திருப்பிக் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். சீதனம் மனைவியின் முழுச் சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கிவிட்டது. ஆதலின் நகை யாருடையது என்று அடகின்போதே கேட்டு, உரியவள் பெயரிலேயே கடனை எழுதும் வழக்கத்தைச் சங்கங்கள் கைக்கொள்ள வேண்டும்.

இவற்றைக் கேட்டவுடன், “குடும்பத்தைப் பிரிப்பதற்குச் சங்கமே துணை போவதா?” என்று சில பெரியவர்கள் ஐயுறுவார்கள். அவர்களுடைய கவலையை நாம் இகழவில்லை. குடும்பம் நிலைக்க வேண்டும் என்பதில் நமக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் போக்கிடம் இல்லாமையால் மட்டும் அடியையும் உதையையும் பொறுத்துக் கிடக்கும் வாழ்வைக் குடும்பம் என்று எப்படிச் சொல்வது? மனைவிக்குத் தனியே நிற்கக் கால் உண்டு என்று அறிந்த கணவன் கையை ஓங்குமுன் ஒரு முறை யோசிப்பான். அந்த அளவில் இது குடும்பத்தைக் காக்கும் ஏற்பாடே ஆகும். பிரிந்த ஆடவருக்கும் கூரை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தறியும் பங்கும் பட்டாவும் பெரும்பாலும் அவரிடமே நின்றுவிடுகின்றன. ஆதலால் முதல் உதவி எவருக்கு என்பதில் ஐயமில்லை.

வீடு சங்கத்தின் வேலை அன்று என்று கூறுவோருக்கும் ஒரு விடை உண்டு. 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். நம் இயக்கம் அனைத்துக்கும் அச்சங்கமே முன்னோடி. அவர்கள் வகுத்த நோக்கங்களில், கடை திறப்பதற்கு அடுத்தபடியாக இடம் பெற்றது அங்கத்தினர்கள் குடியிருக்க வீடுகள் கட்டுவதாகும். நம் நாட்டிலும் 1953இல் விதிக்கப்பட்ட கைத்தறித் தீர்வை நிதியின் உதவியோடு நெசவாளர் குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் வீடுகள் அங்கத்தினர் பெயரில் ஒதுக்கப்பட்டன. அங்கத்தினர் என்றால் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்றே பொருளாயிற்று. வீடு சங்கத்தின் வேலையாக முன்பே இருந்து வருகிறது. அதில் பெண்ணின் பெயர் மட்டுமே விட்டுப்போயிற்று.

அந்த அம்மையார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கக் கூடும். அதே நெசவுத் தெருவில் மகன் வெளியூர் சென்றுவிட்டதால் தனித்திருந்த ஒரு மூதாட்டி, தம் வீட்டின் முன்கூடத்தை 1,500 ரூபாய் வாடகைக்குக் கொடுக்க இசைந்தார். சங்கத்தில் கிடந்த சட்டத்தறி ஒன்றைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். முன்பணத்துக்குக் காரியதரிசி வாய்மொழியாகப் பொறுப்பேற்றார். இன்று அந்த அம்மையார் தம் பெயரிலேயே பாவு வாங்கி நெய்து வருகிறார். மூதாட்டிக்கும் இரவில் பேச்சுத் துணை கிடைத்தது.

மகிழத்தக்கதே. ஆனால் அது நல்ல மனிதர்கள் இருந்தமையால் நடந்தது. விதி இருந்தமையால் நடந்ததன்று. அந்தக் காரியதரிசி மாறுதலாகிச் சென்றிருந்தால், அந்த மூதாட்டிக்கு மனம் வராதிருந்தால், அவர் பத்தாவது வீட்டைத் தேடி அலைந்திருப்பார். அல்லது அடித்த கைக்கே திரும்பியிருப்பார். தனி மனிதரின் இரக்கத்தை அனைவருக்கும் உரிய ஏற்பாடாக ஆக்குவதற்கே கூட்டுறவு தோன்றியது.

இதற்கிடையில் செய்யக் கூடியவையும் உண்டு. கொடுமைக்குள்ளான சகோதரிகள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு வட்டச் சட்டப் பணிகள் குழுவின் வழியாக இலவசச் சட்ட உதவி உண்டு. இவ்விரண்டையும் ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும், கூலிப் பட்டுவாடா செய்யும் சன்னலுக்கு அருகே, எழுதி வைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்த பொதுப் பேரவைக் கூட்டத்தில், கூலி உயர்வும் நூல் விலையும் பேசி முடித்த பிறகாயினும், இப்பொருளை எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை நாம் பார்வையிட வரும்போது, பேரேட்டில் இதுகாறும் காணாத பெயர்களைக் காண்போம் என்று நம்புகிறோம்.