ரீஸின் பெயர் பட்டியலில் இருக்கட்டும்

டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலில் 1996-க்கு நேரே பியார்னே ரீஸ் என்ற பெயர் இருக்கிறது, ஒரு குறிப்போடு. டென்மார்க்கின் ஹெர்னிங்கில் பிறந்த இவர், லோரான் ஃபின்யோன் போன்ற நட்சத்திரங்களுக்கு முன்னால் காற்றை மறைத்து ஓட்டும் உதவி வீரராகவே பல காலம் இருந்தவர். 32 வயதில், தொடர்ந்து ஐந்து முறை வென்றிருந்த மிகுவேல் இந்துராயினின் ஆட்சியை முடித்து, இந்தப் பட்டத்தை வென்ற முதல் டென்மார்க் வீரரானார். 2007 மே 25 அன்று, தான் 1993 முதல் 1998 வரை இ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். வெற்றியாளருக்கான மஞ்சள் ஜெர்சி வீட்டில் அட்டைப்பெட்டியில்தான் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றும் சொன்னார். பந்தய அமைப்பாளர்கள் முதலில் பெயரை நீக்கினார்கள்; அடுத்த ஆண்டு குறிப்புடன் திரும்பச் சேர்த்தார்கள். இரண்டாவது முடிவுதான் சரியானது.

இ.பி.ஓ. ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்கும். ஓட்டகாம் மலையேற்றத்தில் ரீஸ் வேண்டுமென்றே பின்தங்கி, போட்டியாளர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுப் பாய்ந்து சென்றதன் பின்னால் இருந்தது இதுவும்தான். அந்த மருந்தைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லை. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பே 1997-இல்தான் வந்தது. சக வீரர்கள் ரீஸுக்கு வைத்த பட்டப்பெயரோ ‘மிஸ்டர் 60 சதவீதம்’. 1996-இல் இரண்டாவதாக வந்த யான் உல்ரிக்கும் மூன்றாவதாக வந்த ரிஷார் விராங்கும் பின்னாளில் ஊக்கமருந்துப் பயன்பாட்டை ஒப்புக்கொண்டார்கள். அதே பந்தயத்தில் புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சி வென்ற எரிக் சாபெல், ரீஸுக்கு ஒரு நாள் முன்பே ஒப்புக்கொண்டவர். ரீஸை மட்டும் நீக்கினால், 1997-இல் உல்ரிக் பெற்ற பட்டம் ஏதோ சுத்தமானது போலத் தோன்றும். ஊக்கமருந்துக்காக லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களைப் பறித்தபின் அந்த ஆண்டுகளை வெற்றிடமாக விட்டதும் இதே சிக்கலால்தான்: யாரிடம் கொடுப்பது?

நேர்மையாக ஓட்டியவனுக்கு என்ன நீதி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவனைப் பட்டியலின் மேல்வரிசையில் தேடிப் பயனில்லை. மருந்து வேண்டாம் என்று நின்ற பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாசோன், சக வீரர்களின் ஒதுக்கலைத் தாங்காமல் 1999 டூரிலிருந்து பாதியிலேயே விலகினார். ஓர் இடம் மேலே ஏற்றிவிடுவது அவர் இழந்ததை ஈடுசெய்யாது. குறிப்போடு நிற்கும் பெயராவது அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லும். ஊக்கமருந்துக் குற்றத்தைத் தண்டிப்பதற்கான எட்டு ஆண்டு காலவரம்பு முடிந்தபின் வந்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு என்பது இன்னொரு கேள்வி. மதிப்பு குறைவுதான், தைரியத்துக்காக அவருக்கு மாலை போடச் சொல்லவில்லை.

என் கோபம் பட்டத்தின் மீதல்ல, பதவியின் மீது. ஓய்வுக்குப்பின் ரீஸ் சி.எஸ்.சி. அணியை நடத்தினார். வாக்குமூலத்துக்கு அடுத்த ஆண்டே அவர் அணியின் கார்லோஸ் சாஸ்த்ரே டூரை வென்றார். தந்திரம் தெரிந்தவனே நல்ல காவல்காரன் என்ற வாதம் அப்போது ஓங்கி ஒலித்தது. அணிக்குள்ளேயே ரத்தப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஸ்பெயின் போலீஸ் விசாரணையில் அணித்தலைவர் இவான் பாசோவின் பெயர் அடிபட்டு, 2006 டூர் தொடங்கும் நேரத்தில் அவரை விலக்க வேண்டிவந்த பிறகுதான் அது வந்தது. டென்மார்க் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கையோ, தன் அணியில் சிலர் மருந்து எடுத்தது தெரிந்தும் அவர் தடுக்கவில்லை என்று முடிவுசெய்தது. அதற்கும் காலவரம்பு கடந்திருந்ததால் தண்டனை இல்லை. பழைய வெற்றிகளுக்குக் காலவரம்பு இருப்பதில் தவறில்லை. இளம் வீரர்களின் உடலைப் பொறுப்பில் வைத்திருக்கும் மேலாளர் உரிமத்துக்கும் அதே வரம்பைப் பொருத்தியதற்குத்தான் சைக்கிள் சம்மேளனம் இன்னும் பதில் சொல்ல வேண்டும்.