'கைவிடப்பட்ட' என்பதன் கருத்தா யார்?

நாராயணவனத்தை அடுத்த கைலாசகோணா அருவியில் தொடங்கி, பலமநேர்க் காடுகளைக் கடந்து, கோலார் தங்கவயலின் சயனைடு மேட்டில் முடியும் ஜீப் பயணத்தைப் புகழ்வோர்க்கு இரண்டு சொற்கள் கைவசம் உண்டு. காடு 'ஆளரவமற்றது', சுரங்கம் 'கைவிடப்பட்டது'. வருணனை போலத் தோன்றும் இவ்விரண்டும் பொய்.

முதற்சொல்லை எளிதில் தீர்த்துவிடலாம். பலமநேர், குப்பம் பகுதியில் இருப்பது யானைகள் உலவும் கௌண்டின்யா சரணாலயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, அனுமதியின்றி வெளியார் அங்கு நுழைவதையே தடுக்கிறது. 'பாதையில்லாப் பாதை' எனக் கொண்டாடப்படுவது பெரும்பாலும் ஆடுமாடு மேய்ப்பவரும் யானையும் நடந்து உண்டான தடம். சக்கரத்துக்குத்தான் அது பாதையில்லை.

இரண்டாம் சொல்லுக்கு இலக்கணமே துணைபோகிறது. செயப்பாட்டுவினையில் கருத்தாவைச் சொல்லாமலேயே தொடரை முடித்துவிடலாம். யார் கைவிட்டார்? 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அகழ்ந்த தங்கவயல், பின்னர் அரசுடைமையாகி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. (பாருங்கள், இங்கும் 'மூடப்பட்டது'! மூடியது ஒன்றிய அரசு.) குப்பத்தை ஒட்டிய சிகரகுண்டா, பிசாநத்தம் சுரங்கங்களும் அத்துடன் நின்றன.

தொழிலாளரோ ஊரைக் கைவிடவில்லை. நாராயணவனமும் அன்று அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டம் தங்கவயலுக்கு ஆளனுப்பிய பகுதிகளுள் முதன்மையானது. சென்றவருள் பெரும்பாலோர் தலித்துகள். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறைவெடிப்பிலும் நுரையீரலில் படிந்த கல்தூசியிலும் மாண்டவர்கள் அவர்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களே. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்றும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் லைன் வீடுகளில் வாழ்கின்றனர். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

ஜீப் ஏறி இறங்கும் மேடு, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு கலந்த மண். அத்தகைய மேடுகளில் குவிந்திருப்பது மூன்று கோடி டன்னுக்கும் மேல். கோடைக்காற்றில் அத்தூசி லைன் வீடுகளுக்குள் புகுகிறது. அதையே 'நிலவின் பரப்பு' என்று படமெடுத்துப் போடுகிறார்கள்.

பயணிகளால் ஊருக்கு வருமானம் வரும் என்று வாதிடுவோர் உண்டு. வரலாம், ஆனால் மேட்டில் வண்டியேற்றிவிட்டு அப்படியே திரும்புபவரால் வராது. ஜீப்பை ஆண்டர்சன்பேட்டையில் நிறுத்திவிட்டு, லைன் வழியே நடந்து, சுரங்கத்தில் இறங்கிய ஒருவரிடம் ஒரு மணிநேரம் பேசட்டும். அதற்கப்புறமும் 'கைவிடப்பட்ட' என்றே எழுதுவதாயின், யாரால் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.