கணக்கில்லாத பிள்ளையின் ஆயிரம் படங்கள்

16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப்போவதாக 2025 நவம்பரில் மலேசியத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அறிவித்தார். 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் நடப்புக்கு வந்துவிட்டது. பெற்றோர் இவற்றை வரவேற்பது நியாயமே. ஆனால், பினாங்கில் இன்று பிறக்கும் பிள்ளைகளில் பலர் கணக்குத் திறக்கும் வயதை எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே முகநூலிலும் டிக்டாக்கிலும் ஊரறிந்த முகங்களாகிவிடுகிறார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் வைப்பவர்கள் அந்நியர்கள் அல்ல, பெற்றவர்களே.

வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேன் படம் பதிவாகிறது. பிறகு பெயர் சூட்டு விழா, தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி காணிக்கை, காதுகுத்து, முதலாம் ஆண்டின் முதல் நாள் சீருடை என்று வரிசை நீள்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் மஞ்சள் நீராட்டு விழாவின் முழுக் காணொளியும் சினிமாப் பாட்டோடு பொதுப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. அந்தச் சடங்கு முன்பும் நடந்தது. ஆனால் அத்தை, மாமன், அக்கம்பக்கத்தார் என்று அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே அதைப் பார்த்தார்கள். இன்று ஒரு சிறுமியின் உடல் அடைந்த மாற்றத்தை, அவளை அறியாத ஆயிரம் ஆண்கள் அறிகிறார்கள். மறுநாள் பள்ளியில் வகுப்புத் தோழர்களை எதிர்கொள்ள வேண்டியவள் அவள். பதிவேற்றும் முன் அவளிடம் கேட்ட வீடுகள் எத்தனை?

இதில் பலரும் எண்ணிப் பார்க்காத ஆபத்து ஒன்று உண்டு. நம் அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிறந்த அன்றே மருத்துவமனைப் பெயரோடு மகிழ்ச்சிச் செய்தி போடும் தந்தை, தம் பிள்ளையின் எண்ணில் எட்டு இலக்கங்களைத் தம்மை அறியாமலேயே வெளியிட்டுவிடுகிறார். சிறாருக்கான மைகிட் அடையாள அட்டையில் வரும் அந்த எண் ஆயுளுக்கும் மாறாது. வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் அந்தப் பிள்ளை நாளை தன்னை நிரூபிக்கப்போவது அதைக் கொண்டுதான்.

படத்தின் கதி இன்னும் மோசம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் படங்களை ஆபாசக் கருத்துகளோடு பகிர்ந்துவந்த ஒரு முகநூல் குழு இந்நாட்டிலேயே அம்பலமாகி நீக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். சக மாணவிகளின் முகங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படங்களாக மாற்றி விற்றான் என்பது புகார். அப்படிச் செய்ய முன்பு தொழில்நுட்பத் திறமை வேண்டியிருந்தது. இன்று ஒரு கைப்பேசியும் தெளிவான ஒரு முகப்படமும் போதும். அந்த முகப்படத்தைத்தான் நாம் வாரந்தோறும் தந்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் குற்றவாளிகள் ஒருவரும் இல்லாத உலகிலும் இந்தக் கேள்வி தீராது. பிள்ளை அழுது புரள்வதைப் படமெடுத்துச் சிரிப்புக் குறிகள் வாங்குவதும், மதிப்பெண் குறைந்ததற்குத் திட்டுவதைக் காணொளியாக்குவதும் அவமதிப்பு. பள்ளிப் பையும் காலணியும் வழங்கும் நிகழ்ச்சியில், வாங்கும் பிள்ளையின் முகத்தையும் பெயரையும் போடுவதும் அப்படித்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் குடும்பத்தின் வறுமை இணையத்தில் கிடக்கும். கொடுத்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் ரசீது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வழக்கில் சிக்கிய பிள்ளைக்கு இருக்கும் இந்தக் காப்பு, வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு இல்லை. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே பொருந்தும். குடும்பக் காரியங்களுக்கு அதில் விலக்கு உண்டு. சிறாருக்காக ஒப்புதல் தருபவரும் பெற்றோரே. பாதுகாவலரே வெளியிடுபவராகும்போது பிள்ளை யாரிடம் முறையிடும்? சிறாரின் அந்தரங்கத்தை 16ஆம் விதியில் உறுதிசெய்யும் ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையை மலேசியா 1995இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த வாக்கு இன்னும் வீட்டுக்குள் வந்துசேரவில்லை.

பிற நாடுகள் வழி காட்டியிருக்கின்றன. பிரான்ஸ் 2024 பிப்ரவரியில் இயற்றிய சட்டம், பிள்ளையின் படத்துக்கான உரிமையைக் காப்பது பெற்றோர் இருவரின் கூட்டுக் கடமை என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ளச் சொல்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், பிள்ளைகளைக் காட்டிக் காணொளி வழியே சம்பாதிக்கும் பெற்றோர், வருமானத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்க வேண்டும்.

மறுதரப்பிலும் நியாயம் உண்டு. நம் குடும்பங்கள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் சிதறிக் கிடக்கின்றன. பேரனின் படத்துக்காகப் பாட்டி காத்திருக்கிறார். ஆனால் பாட்டிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் போதும்; ஊருக்கே காட்டத் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிகளின் கவலை இதைவிடக் கனமானது. பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பல மாணவர் சேர்க்கைக்காகப் போராடுகின்றன. போட்டிகளில் வென்ற மாணவர்களின் படங்கள்தான் பெற்றோரை ஈர்க்கும் விளம்பரம். அந்தப் பெருமிதத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குழுப்படம் போடலாம், முழுப்பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போடாமல் இருக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறலாம். மாணவரிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. பிள்ளைகளைக் காட்டி ஈட்டும் வருமானத்தில் பிள்ளைக்குப் பங்கு வேண்டும். 18 வயதானதும் தன்னைப் பற்றிய பழைய பதிவுகளை நீக்கக் கோரும் உரிமையும் சட்டமாக வேண்டும். பெற்றோர் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே பழைய பதிவுகளைத் திறந்து பாருங்கள். குளிக்கும் படம், அழும் படம், அடையாள அட்டையும் சான்றிதழும் தெரியும் படம் ஆகியவற்றை நீக்குங்கள். பேசத் தெரிந்த பிள்ளையாக இருந்தால், அடுத்த படத்தைப் போடும் முன் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், அந்த வார்த்தைக்குக் கட்டுப்படுங்கள்.