இரண்டாம் டிவிஷனுக்கு ஒரு வக்காலத்து

சால்ட் லேக்வாசிகளான நமக்குக் கால்பந்து என்றால் ஸ்டேடியம்தான். 1984-ல் திறந்தபோது அதில் 1,20,000 பேர் உட்காரலாம் என்றார்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது 1,31,781 பேர் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. பின்னர் 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக வரிசையாக நாற்காலி போட்டு இடத்தைக் குறைத்தார்கள். 2025 டிசம்பர் 13-ல் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து உள்ளே போனவர்கள், அவர் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார் என்றதும் அந்த நாற்காலிகளையே பிடுங்கி எறிந்தார்கள்.

இதெல்லாம் பெரிய கால்பந்து. நான் பேச வந்தது சின்னக் கால்பந்தைப் பற்றி. நம் சங்க அன்பர்களில் முப்பது, நாற்பது வருஷம் கல்கத்தாவில் இருந்தவர்கள்கூட அதை எட்டிப் பார்த்ததில்லை.

கல்கத்தா லீக் 1898-ல் ஆரம்பித்தது. இன்று அதில் பிரீமியர் டிவிஷனுக்குக் கீழே முதல், இரண்டாம், மூன்றாம் என்று ஐந்தாம் டிவிஷன் வரை படிகள் உண்டு. ஆட்டங்கள் மழைக்காலத்தில் நடக்கும். மைதான் முழுவதும் ராணுவத்துக்குச் சொந்தமான நிலம். அதில் ஆளுக்கொரு 'டெண்ட்' வைத்துக்கொண்டு கிளப்புகள் குடியிருக்கின்றன. பெயர்தான் டெண்ட், பல இடங்களில் தகரக் கூரை, மர பெஞ்சு, ஸ்டூவும் டோஸ்ட்டும் கிடைக்கும் ஒரு கேன்டீன். இரண்டு குட்டி கிளப்புகள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முழங்கால் சேற்றில் ஆடுகின்றன. பார்க்க இருநூறு பேர் இருந்தால் அதிகம். அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம்? ஜெயித்தால் மேல் டிவிஷனுக்கு ஏறலாம், தோற்றால் கீழே இறங்க நேரிடும் என்பதுதான் அர்த்தம். அந்த இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் அது தேகப்பயிற்சி.

இங்கே பெரிய கிளப்புகள் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. 1921-ல் இரண்டாம் டிவிஷனில்தான் ஆடத் தொடங்கியது. 1924 பருவத்தில் மேலே ஏறும் தகுதி வந்தபோது ஒரு விதி குறுக்கே நின்றது. முதல் டிவிஷனில் இந்திய கிளப்புகள் இரண்டுக்கு மேல் கூடாதாம்! மோகன் பகானும் ஆரியனும் ஏற்கெனவே அங்கே இருந்தன. வெள்ளைக்காரன் காலத்து விதி. சண்டை போட்டு அதை உடைத்த பிறகுதான் 1925-ல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது. அந்த வருஷம் மே 28-ல் நேபால் சக்ரவர்த்தி போட்ட ஒரே கோலில் மோகன் பகானை வீழ்த்தியது. இன்று ஊரையே இரண்டாகப் பிரிக்கும் அந்தப் போட்டி லீக்கில் ஆரம்பமானது, ஒரு இரண்டாம் டிவிஷன் அணி மேலே வந்ததால்தான்.

கதை அங்கே முடியவில்லை. 1928-ல் அதே ஈஸ்ட் பெங்கால் கீழே இறங்கியது. மூன்று பருவம் இரண்டாம் டிவிஷனில் உழன்று, 1931-ல் அதை ஜெயித்து, 1932-ல் திரும்பியது. பிற்பாடு அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என்று தென்னாட்டிலிருந்து வந்த ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் தலையில் வைத்துக் கொண்டாடியது இந்த கிளப்பில்தான். கீழே விழுந்ததால் கிளப் அழிந்துவிடவில்லை.

முகமதன் ஸ்போர்ட்டிங் இன்னும் ஒரு படி மேலே. 1933-ல் இரண்டாம் டிவிஷனில் இருந்த அணி, 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்த முதல் வருஷமே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனது. லீக்கை ஜெயித்த முதல் இந்திய கிளப் அதுதான். அதையும் சேர்த்து 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை!

ரயில்வேக்காரன் என்பதால் 1958-ஐச் சொல்லாமல் என்னால் போக முடியாது. அந்த வருஷம் மூன்று பெரிய கிளப்புகளையும் பின்னுக்குத் தள்ளி ஈஸ்டர்ன் ரயில்வே லீக் சாம்பியன் ஆயிற்று. பி.கே. பானர்ஜி அந்த அணியின் ஆட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைவராக இருந்து பிரான்சுக்கு எதிராக கோல் போட்டவர் அவர். கடைசிவரை மூன்று பெரிய கிளப்புகள் எதற்கும் ஆடாதவர். 1958-க்குப் பிறகு அந்த மூன்றையும் தாண்டி வேறொரு அணி பட்டம் வாங்க 61 வருஷம் ஆயிற்று, 2019-ல் பியர்லெஸ். ஈஸ்டர்ன் ரயில்வேயின் பெயர் லீக் பட்டியலில் இன்றும் இருக்கிறது, ஆனால் அதன் பட்டத்தைப் பற்றிப் பேச என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள்தான் மிச்சம்.

நான் லிலுவா பணிமனையில் சார்ஜ்மேனாக இருந்த நாட்களில் எங்கள் ஷாப்பில் ஒரு ஃபிட்டர் இருந்தார். நதியா ஜில்லாக்காரர். அப்பாவுக்கு அரை ஏக்கர் நிலம். கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் இரண்டு பருவம் ஒழுங்காக ஆடியதை யாரோ பார்த்துச் சொல்லி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. தம்பி, தங்கைகள் எல்லோரையும் அந்தச் சம்பளத்தில்தான் கரையேற்றினார். லீக் நாளில் மத்தியானமே அவரை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு மேலிடத்து உத்தரவு. அவுட்டர்ன் குறைகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் கேட் பாஸில் கையெழுத்துப் போடுவேன். அவர் ஒருநாளும் முதல் டிவிஷனை எட்டவில்லை; அதனால் என்ன? அவர் வீட்டுக்கு அந்த இரண்டு பருவமும்தான் விதை நெல். பெரிய லீக்கின் ரசிகர்கள் கணக்குப் போடும்போது இந்த வரவை எழுதுவதேயில்லை.

இனி நம் தமிழ்நாட்டுக் கதைக்கு வருகிறேன். 2018-19 ஐ லீக்கை ஜெயித்தது சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய அணி. அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரர் பயிற்சியாளர்; பெட்ரோ மான்சி 21 கோல் போட்டார். கடைசி நாளான 2019 மார்ச் 9-ல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து 43 புள்ளிகளோடு முடித்தார்கள். 42 புள்ளிகளோடு இரண்டாவதாக வந்தது யார் தெரியுமா? நம் ஊர் ஈஸ்ட் பெங்கால்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதே 2019-ல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆயிற்று. ஐ லீக் சாம்பியன்கள் ஒரே கையெழுத்தில் இரண்டாம் டிவிஷன்காரர்கள் ஆனார்கள். எந்த ஆட்டத்திலும் தோற்று இறங்கவில்லை. மேலே ஏறவும் வழி வைக்கவில்லை. 2020-ல் மோகன் பகான் ஏ.டி.கே.யோடு இணைந்தும், ஈஸ்ட் பெங்கால் ஒரு முதலீட்டாளரைப் பிடித்துக்கொண்டும் ஐ.எஸ்.எல்.லுக்குள் போயின. ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தவர்களுக்கு இடம் கிடைத்தது, அந்தப் புள்ளியை ஜெயித்தவர்களுக்கு இல்லை. 2020-21-க்குப் பின் ஐ லீக்கில் சென்னை சிட்டி என்ற பெயரைக் காணோம். எனக்கு ஈஸ்ட் பெங்கால் மீது கோபமில்லை. அவர்களுடைய நூறு வருஷ ரசிகர் கூட்டம் எந்த லீக்குக்கும் பெருமைதான். கோபமெல்லாம் முறையின் மீது.

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை பதினோரு பருவங்கள், ஒரு அணிகூட ஆட்டத்தில் தோற்றதற்காகக் கீழே இறங்கவில்லை. ஏற்றம் மட்டும் பிற்பாடு வந்தது: 2023-ல் பஞ்சாப், 2024-ல் நம் முகமதன் ஸ்போர்ட்டிங் ஐ லீக்கை ஜெயித்து மேலே போயின. 2024-25-ல் முகமதன் கடைசி இடம். ஆனாலும் இறக்கம் கிடையாது. முகமதன் ரசிகருக்கு அன்று நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் கடைசி இடத்துக்குத் தண்டனை இல்லாத லீக்கில், பருவத்தின் பின்பாதியில் கடைசி நாலு அணிகள் எதற்காக ஓட வேண்டும்? நான் பார்த்த சில ஆட்டங்களில் ஓடவும் இல்லை.

"இறக்கம் வைத்தால் பணம் போடுகிறவன் பயந்து ஓடிவிடுவான்" என்பது எதிர்க்கட்சி வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு வருஷம் சறுக்கியதற்காக எல்லாம் போய்விட்டால் யார் வருவார்கள்? ஆனால் இத்தாலியைப் பாருங்கள். மரடோனா 1987-லும் 1990-லும் பட்டம் வாங்கிக் கொடுத்த நேப்பிள்ஸ் அணி, நாபோலி, 2004-ல் திவாலாகி மூன்றாம் தரமான சீரி சி-யில் போய் விழுந்தது. அங்கேயும் அவர்கள் ஊர்க்காரர்கள் விடவில்லை. சீரி சி ஆட்டம் ஒன்றுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். 2006-ல் ஒரு படி, 2007-ல் இன்னொரு படி என்று ஏறி, 2023-லும் 2025-லும் இத்தாலியின் சாம்பியன். காஸ்டெல் டி சாங்ரோ என்று மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊர். ஐயாயிரம் சொச்சம் ஜனத்தொகை, நம் சால்ட் லேக்கின் நாலு பிளாக் அளவுகூட இருக்காது. அந்த ஊர் அணி 1996-ல் சீரி பி வரை ஏறி, இரண்டு பருவம் ஆடிவிட்டு 1998-ல் இறங்கியது. பணம் போடுகிறவர்கள் அங்கே ஓடிப்போய்விடவில்லை. விழுந்தவன் எழுந்திருக்க வழி இருக்கும்போது விழுகிற பயம் பாதியாகிவிடும். இங்கே விழவும் விடுவதில்லை, ஏறுவதற்கும் ஒற்றையடிப் பாதைதான்.

ஏணி முழுவதும் உளுத்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். 2022-ல் உருவான டயமண்ட் ஹார்பர் எஃப்.சி. கல்கத்தா லீக்கில் பிரீமியர் டிவிஷனுக்குக் கீழிருந்து புறப்பட்டு, 2024-25-ல் ஐ லீக்கின் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தது. 2025 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலையே வீழ்த்தி, 23-ம் தேதி நம் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம் ஆடியது. நார்த் ஈஸ்ட் யுனைடெட் 6-1 என்று போட்டுத் தள்ளியது வேறு விஷயம். அந்த அணிக்குப் பின்பலம் உண்டு என்பார்கள். இருக்கட்டுமே, ஏறியது ஆடித்தான். மூன்றே வருஷத்தில் அது முடிகிறதென்றால், பின்பலமில்லாத ஒரு கிதிர்பூரோ ஜார்ஜ் டெலிகிராபோ முப்பது வருஷத்திலாவது ஏறக் கதவு திறந்திருக்க வேண்டாமா?

ஆகவே டில்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் மனு ஒன்றுதான். கடைசி அணி இறங்கட்டும், கீழே முதலாவதாக வந்த அணி ஏறட்டும், வருஷாவருஷம், விதிவிலக்கில்லாமல். அப்படி இறங்குகிற அணிக்கு இரண்டு வருஷம் ஒரு பங்கு வருமானம் கொடுத்து உதவுங்கள். இங்கிலாந்தில் அப்படித்தான் செய்கிறார்கள். அது முதலீட்டாளர் பயத்துக்கும் மருந்து.

நம் சங்க அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2025 ஆகஸ்டிலிருந்து ஸ்டேடியம் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் மாறாமல் எஸ்பிளனேடில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தால் மைதான். ஜூலை, ஆகஸ்டில் ஏதாவது ஒரு மத்தியானம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். திறந்த மைதானத்து ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது. ஜால் மூரிக்கும் மண் குவளை டீக்கும் சில்லறை வைத்துக்கொண்டால் போதும். யார் ஆடுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்; அவர் அநேகமாக ஆடுகிற ஒரு பையனின் அப்பாவாக இருப்பார்.