கேம்ல விவசாயம் பண்ணிப் பார்த்தேன்

நடவு முடிஞ்சு கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சதுல, போன மாசம் மூணு வீடியோ கேம் ஆடினேன். துப்பாக்கி கேமும் இல்ல, ரம்மியும் இல்ல. மூணுமே விவசாய கேம். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அக்கா மகன் ஊருக்கு வந்தப்போ, "மாமா, ஆபீஸ் டென்ஷன் குறைய நாங்க இதைத்தான் ஆடறோம். நீங்க ஆடிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க"ன்னு ரெண்டை என் போன்ல ஏத்திக் கொடுத்தான். மூணாவது அவனோட கம்ப்யூட்டர்ல ஆடினது. டென்ஷன் குறைய விவசாயம்! சரி, பார்த்துடுவோம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல ஹே டே. பின்லாந்து நாட்டு சூப்பர்செல் கம்பெனியோடது, 2012-ல வந்தது. இதுல கோதுமை 2 நிமிஷத்துல விளையும். மக்காச்சோளம் 5 நிமிஷம், சோயா 20 நிமிஷம், கரும்பு 30 நிமிஷம். எங்க பக்கம் கரும்புக்குப் பத்து, பன்னெண்டு மாசம் ஆகும். விரலை இழுத்தா அரிவாள் தானா அறுத்துக்கும். விளைஞ்சதை நாலு நாள் அறுக்காம விட்டாலும் அப்படியே நிக்கும். மல்லாட்டை (நீங்க வேர்க்கடலைன்னு சொல்றது) பிடுங்கற நாள் தள்ளிப்போயி, அந்த நேரம் பார்த்து மழையும் விழுந்தா மண்ணுக்குள்ளயே முளைச்சிடும். அந்தப் பயம் இந்த கேம்ல இல்ல. சீக்கிரம் விளையணும்னா வைரம் கொடுக்கணும், வைரம் தீர்ந்தா நிஜப் பணம் கட்டி வாங்கலாம். அவங்க வைரம் கொடுத்து நேரத்தை வாங்கறாங்க, நாங்க கம்மலை அடகு வெச்சு உரம் வாங்கறோம்.

ரெண்டாவது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன்ங்கற அமெரிக்கக்காரர் ஒரே ஆளா நாலு வருஷத்துக்கு மேல உழைச்சு 2016-ல வெளியிட்டது. படம், இசை, கதை எல்லாம் அவரே. மூணுல எனக்குப் புடிச்சது இதுதான். தினம் தண்ணி ஊத்தணும், மழை பெய்ஞ்சா அன்னைக்கு வேலை மிச்சம். ஓவரா வேலை செஞ்சா ஆளு சோர்ந்து போயிடறான். பருவம் மாறினா முந்தின பருவத்துப் பயிர் செத்துப்போகுது. பட்டம் தப்பக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொன்னதை அந்த மனுஷன் கேம்ல வெச்சிருக்கார். காக்கா வந்து பயிரைத் தின்னும், பொம்மை நட்டா வராது. இங்க எங்களுக்குக் காட்டுப்பன்றி. அது பொம்மையைப் பார்த்துப் பயப்படறதா தெரியல.

மூணாவது ஃபார்மிங் சிமுலேட்டர் 25. சுவிட்சர்லாந்து கம்பெனி ஜயன்ட்ஸ் சாஃப்ட்வேர், 2024 நவம்பர்ல விட்டது. நெல் இதுலதான் புதுசா சேர்த்திருக்காங்க, எருமையும் வருது. வரப்பு கட்டி, தண்ணி நிறுத்தி, மெஷின்ல நடவு பண்றப்போ சந்தோஷமாவே இருந்தது. பேங்க்ல கடன் உண்டு, வண்டி வாடகை உண்டு. சூறாவளியும் ஆலங்கட்டி மழையும்கூட உண்டு. ஆனா வேண்டாம்னா செட்டிங்ல போயி சேதத்தை நிறுத்தி வெச்சிடலாம். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் மழையில எங்க மலை சரிஞ்சு ஏழு பேர் போனாங்க. சாத்தனூர் அணையிலேருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்து, தென்பெண்ணைக் கரையோரப் பயிரெல்லாம் மணலுக்குள்ள போச்சு. நமக்கு ஏதுங்க செட்டிங்?

நேரமும் மழையும் பொய்யா இருக்கறதுல எனக்குக் கோவம் இல்ல. கேம்னா அப்படித்தான் இருக்கும், நூத்தஞ்சு நாள் போனைப் பார்த்துட்டு யார் உட்காருவாங்க? என் மனசுல நின்னது வேற ஒரு கணக்கு.

ஹே டேல ஒரு கோதுமை போட்டா ரெண்டு கிடைக்கும், அவ்வளவுதான். நான் ஏக்கருக்கு 25 கிலோ விதைநெல் விட்டா, நல்ல பட்டத்துல 25 குவிண்டால் வரைக்கும் எடுக்கலாம். ஒண்ணுக்கு நூறு. கேமை விட நம்ம மண்ணு அம்பது மடங்கு தாராளம். ஆனா ஒண்ணுக்கு ரெண்டு எடுக்கற அந்த விவசாயி மாடி வீடு, லாரி, படகுன்னு போயிட்டே இருக்கான். ஒண்ணுக்கு நூறு எடுக்கற நாங்க கடன் சங்கத்து வாசல்ல நிக்கறோம். அப்போ வித்தியாசம் மண்ணுல இல்ல, விக்கற இடத்துல இருக்குது.

யோசிச்சுப் பாருங்க. ஹே டேல ரோட்டோரக் கடையில விலையை நாமதான் போடறோம். வாங்க வர்ற ஆளு கம்மியா கேட்டா, "முடியாது"ன்னு ஒரு தட்டு தட்டினா போயிடுவான். ஸ்டார்டியூல பெட்டியில போட்டுட்டுத் தூங்கினா காலையில பணம். ஆயிரம் போட்டாலும் அதே விலைதான். சிமுலேட்டர்ல எந்த இடத்துல என்ன விலைன்னு பட்டியலே இருக்கு. விலை இறங்கினா கிடங்குல போட்டு வெச்சு ஏறினப்புறம் விக்கலாம்.

இங்க? 2025-26-க்கு சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், மாநில ஊக்கத்தொகை சேர்ந்து 2,500. மல்லாட்டைக்கு 7,263. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. கொள்முதல் நிலையத்துல நெல் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். வரிசையில காத்துக் கிடக்கறப்போ மழை வந்தா, காஞ்ச நெல்லே ஈர நெல்லாயிடும். மல்லாட்டைக்கு அன்னைக்கு ஏலத்துல வர்றதுதான் விலை. எல்லார் மூட்டையும் ஒரே வாரத்துல வந்து இறங்கினா விலை விழும். கிடங்குல வெச்சுக் காத்திருக்கலாம்தான், கடன் கொடுத்தவர் காத்திருக்கணுமே! "முடியாது"ன்னு சொல்ற அந்த ஒரு பட்டன் எங்க கையில இல்ல.

டவுன்ல இருக்கற நண்பர்களுக்கு ரெண்டு வார்த்தை. இந்த கேமை ஆடிட்டு வேலையை விட்டு நிலம் வாங்க வர்றவங்க எனக்கு போன் பண்றாங்க. வாங்க, சந்தோஷம். நாத்து எப்படி விடறதுன்னு ஒரு பட்டத்துல கத்துக்கலாம். விளைஞ்சதை யாருக்கு, எந்த விலைக்கு, எப்போ விக்கப்போறீங்கன்னு முதல்ல ஒரு நோட்டுல எழுதிட்டு அப்புறம் நிலம் பாருங்க. பௌர்ணமிக்குக் கிரிவலம் வர்றவங்க, வழியில கூடையில வெச்சு விக்கற அம்மாகிட்ட அவிச்ச மல்லாட்டை வாங்கினா, கேம்ல அவங்க போட்ட விலைக்கு வாங்கற மாதிரியே வாங்குங்க. உழவர் சந்தையிலயும் அப்படியே.

கேம் செய்யற தம்பி தங்கச்சிங்க நம்ம தமிழ்நாட்டுலயும் நிறைய பேர் இருக்கீங்க. ஒரு கேம் செய்ங்க. மண்ணு, மழை, உழைப்பு எல்லாம் சரியா அமையணும், நெல்லு ஒண்ணுக்கு நூறா விளையணும், அப்படியும் ஆடறவன் கையில கடைசியில ஒண்ணும் மிஞ்சக்கூடாது. டென்ஷன் குறையாதுதான். ஆனா ஒரு தடவை ஆடினவங்க அப்புறம் அரிசி விலை ஏறுதுன்னு சொல்றப்போ, அதுல விவசாயிக்கு எவ்வளவு போகுதுன்னும் சேர்த்துக் கேப்பாங்க.