வைவா நாளில் தெரியவரும் தோல்விகள்

சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவர் ஒருவரின் களப்பயிற்சி சரியில்லை என்பது பெரும்பாலும் வாய்மொழித் தேர்வான வைவா அன்றுதான் பேச்சுக்கு வருகிறது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஃபீல்டு வொர்க் டைரியைப் புரட்டுகிறார். பக்கத்துக்குப் பக்கம் ‘வீடு பூட்டியிருந்தது’, ‘மக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறது. கேள்வி கேட்டால் மாணவர் தலைகுனிந்து நிற்கிறார். “நல்ல பிள்ளைதான் சார், கொஞ்சம் கூச்ச சுபாவம்” என்கிறார் வழிகாட்டி ஆசிரியர். வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். சுமாரான ஒரு மதிப்பெண் விழுகிறது, தேர்ச்சியும் சேர்ந்தே விழுகிறது. ஆறு மாதமாக என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

பூட்டிய வீடுகளையே எடுத்துக்கொள்வோம். காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை. அதன் பின்னால் சம்பா, தாளடி நடவு. தைப் பொங்கலையொட்டிப் பெரும் அறுவடை. கல்லூரிப் பருவமும் வயலின் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒரத்தநாட்டுப் பக்கமோ மன்னார்குடிப் பக்கமோ ஒரு கிராமத்தில் மாணவி காலை பத்தரை மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். நடவுக்குப் போகும் பெண்கள் அதற்கு வெகுமுன்பே சேற்றில் இறங்கிவிட்டார்கள். அறுவடை நாளென்றால் வீட்டு ஆண்கள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்த நெல்லுக்குக் காவல் இருக்கிறார்கள். திண்ணையில் முதியவர்கள் மட்டும். பெண்கள் கரையேறி வீடு திரும்பும் நேரத்தில் மாணவி ஊர் திரும்பப் பஸ்ஸுக்கு நிற்கிறாள். டைரியில் அவள் எழுதியது உண்மை. ஆனால் வாசிக்கிற ஆசிரியருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. பயிற்சி நேரத்தை மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றி, தங்குவதற்கும் திரும்புவதற்கும் ஏற்பாடு செய்திருந்தால் அந்த மாணவியின் ‘திறன் குறைபாடு’ பாதி அங்கேயே தீர்ந்திருக்கும். வேளாண் நாட்டில் நடத்தப்படும் ஒரு படிப்பின் கால அட்டவணை வேளாண்மையைக் கண்டுகொள்ளாமல் இருப்பது விசித்திரம்தான்.

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936-ல் பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கியது. தமிழகத்தில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் உருவானது. இன்று திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், பிஷப் ஹீபர் கல்லூரி, திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் எனக் காவிரிக் கரை நெடுகிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி, வாரம் ஒரு முறை ஆசிரியரோடு தனிச் சந்திப்பு, ஒரு கிராம முகாம், கடைசியில் ஒரு மாத பிளாக் பிளேஸ்மென்ட் என்ற அமைப்பு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. மாணவர்கள் ‘ஐ.சி.’ என்று சொல்லும் அந்தத் தனிச் சந்திப்புதான் இதன் உயிர்நாடி. முதலில் நின்றுபோவதும் அதுதான்.

ஐ.சி. ஒழுங்காக நடந்தால் வெளிவரக்கூடிய ஒரு விஷயம் சாதி. டெல்டா கிராமத்தில் புதிதாக வருகிறவரிடம் முதலில் கேட்பது “எந்த ஊரு?” அடுத்தது, “அங்க எந்தத் தெரு?” இரண்டாவது கேள்விக்கான பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். காலனித் தெருவிலிருந்து படித்து மேலே வந்த முதல் தலைமுறை மாணவர், ஊர்த் தெருவில் அந்தக் கேள்வியை எதிர்கொள்ளாமல் இருக்க என்னவெல்லாம் செய்வார் என்பது அவருக்குத்தான் தெரியும். வீட்டுச் சந்திப்புகளைக் குறைத்துக்கொள்வார். அங்கன்வாடியிலேயே உட்கார்ந்துகொள்வார். பேச்சைச் சுருக்குவார். மதிப்பீட்டுத் தாளில் ‘மக்களோடு உறவு ஏற்படுத்தும் திறன் குறைவு’ என்று விழும். இதன் மறுபக்கமும் உண்டு. ஆதிக்க சாதியில் பிறந்த மாணவர் காலனிக்குப் போகிறார். நின்றபடியே பேசுகிறார், கொடுத்த தண்ணீரைத் தொடாமல் திரும்புகிறார், பிறகு முத்து முத்தான கையெழுத்தில் அறிக்கை எழுதுகிறார். அவருக்கு ‘மிக நன்று’. என்னைக் கேட்டால் இருவரில் களத்தில் தவறியவர் இரண்டாமவர்.

1968 டிசம்பர் 25 இரவு கூலி உயர்வு கேட்டதற்காக விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இந்த டெல்டா மாவட்டங்களுக்குள்தான் இருக்கிறது. கிருஷ்ணம்மாளும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தர 1981-ல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கியதும் இங்கேதான். இவையெல்லாம் பாடத்தில் வருகின்றன, தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாகவும் வருகின்றன. மாணவருக்கு எந்தத் தெருவில் ஏன் கால் பின்வாங்குகிறது என்பது மட்டும் ஆசிரியரின் அறையில் பேசப்படுவதில்லை.

வேறு காரணங்களும் இருக்கின்றன. நன்றாகப் போய்க்கொண்டிருந்த மாணவி திடீரென்று பயிற்சி நிறுவனத்துக்குப் போவதை நிறுத்தினால், ‘ஒழுங்கின்மை’ என்று எழுதும் முன் அங்கே அவளிடம் யாராவது அத்துமீறினார்களா என்று கேட்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) அந்த இடத்தில் சம்பளத்துக்கு இல்லாத பெண்ணையும் சேர்த்தே பாதுகாக்கிறது. பயிற்சி மாணவிக்கும் அது பொருந்தும் என்பதைக் களத்துக்கு அனுப்பும் முன்பே சொல்லிவைப்பது துறையின் கடமை. தீபாவளி நெருங்கும்போது ஜவுளிக்கடையில் பகுதிநேர வேலைக்கு நிற்கும் மாணவருக்குக் களப்பயிற்சி நாள் என்பது ஒரு நாள் கூலி இழப்பு. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பது மாணவிகளுக்கு ஒரு சின்ன ஆறுதல். இன்னொரு பக்கம், பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைக் கொண்டு கணினியில் பட்டியல் ஏற்றவும், விழா மேடையில் பூங்கொத்து நீட்டவும் பழகிப்போன நிறுவனங்களும் உண்டு. அங்கே மாணவர் எதையும் கற்கவில்லை என்றால் குறை யாருடையது?

அமெரிக்க சமூகப்பணி ஆசிரியர் பெர்த்தா ரெனால்ட்ஸ் 1942-ல் வெளியிட்ட நூலில் இந்தத் தொழிலைக் கற்பவர் கடக்கும் ஐந்து கட்டங்களை விவரித்தார். முதலில் தன்னைப் பற்றிய கூச்சமே மனத்தை நிறைத்திருக்கும். அடுத்தது எப்படியோ தாக்குப்பிடிக்கும் கட்டம். மூன்றாவதில் நிலைமை முழுதும் புரியும், ஆனால் புரிந்தபடி நடந்துகொள்ள வராது. நான்காவதில் கை பழகும். ஐந்தாவதில் பிறருக்குக் கற்பிக்க முடியும். நம் வகுப்புகளில் அதிகம் அடிபடுவது மூன்றாம் கட்டத்தில் நிற்பவர். குடிநோயாளியின் மனைவியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பில் அழகாகச் சொல்வார். அந்த அம்மா அழத் தொடங்கியதும் ‘கவலைப்படாதீங்கக்கா, எல்லாம் சரியாப் போயிடும்’ என்று எழுந்து வந்துவிடுவார். தெரிந்தும் செய்யவில்லை என்று ஆசிரியருக்குக் கோபம் வருகிறது. உண்மையில் அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்காட்டும் ஒருவர். மாணவர் ஒருவர் ஒரு குடும்பத்தோடு பேசுவதை நேரில் பார்த்த ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் நாம் மதிப்பிடுவது அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைத்தான். அதில் சீனியரின் பழைய டைரி எவ்வளவு, கூகுள் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இதுவரை சொன்னதெல்லாம் மாணவர் பக்கத்து நியாயம். அதற்காக எல்லாத் தவறும் சூழலின் தவறு ஆகிவிடாது. பார்க்காத குடும்பத்தைப் பார்த்ததாகக் கேஸ் எழுதுவது, குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளோடு எடுத்த செல்ஃபியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது, ‘உதவித்தொகை வாங்கித் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவது, இவை கூச்சமோ பயிற்சிக் குறைவோ அல்ல. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் (2015) 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். எச்சரித்தும் இப்படியே தொடர்கிறவரைத் தோல்வியடையச் செய்யத்தான் வேண்டும்.

ஆனால் யாரும் தோல்வி போடுவதில்லை. இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பிரிட்டனில் பிராண்டனும் டேவிஸும் 1979-ல் வெளியிட்ட ஆய்வு, களப்பயிற்சியில் விளிம்பில் நிற்கும் மாணவர்களைப் பற்றியது. திறமை நிரூபிக்கப்பட்டதால் அல்ல, திறமையின்மை நிரூபிக்கப்படாததால் தேர்ச்சி பெறும் மாணவர்களை அது காட்டியது. நம்மிடம் அதற்கு மேலும் காரணங்கள் உண்டு. நிறுவனத்தில் மேற்பார்வை செய்பவர் சம்பளமில்லாமல், வேலைக்கு நடுவில் இதைச் செய்கிறார். பாதகமாக எழுதிவிட்டுக் கல்லூரியோடு மனத்தாங்கல் தேடிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. கல்லூரிக்கோ அடுத்த ஆண்டுச் சேர்க்கை கவலை. ஆசிரியருக்கு, ஏழை வீட்டுப் பிள்ளையின் ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டோமோ என்ற உறுத்தல். கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உறுத்தல் ஆறாம் வாரத்தில் வந்திருந்தால் பயன்பட்டிருக்கும், ஆறாம் மாதத்தில் வந்து பயனில்லை.

வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இருப்பதுபோல எல்லாச் சமூகப்பணியாளருக்கும் பொதுவான பதிவு மன்றம் இந்தியாவில் இன்னும் இல்லை. 2021-ன் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை மட்டும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றவர்களுக்கு வாசலில் நின்று வடிகட்டுவது கல்லூரி ஒன்றே. இங்கே தப்பித்து வருபவர் நாளை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ ஒன் ஸ்டாப் சென்டரிலோ உட்கார்ந்திருப்பார். அவர் எழுதும் ஒரு விசாரணை அறிக்கையைப் பார்த்துத்தான் ஒரு பெண் குழந்தை வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று முடிவாகும். லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னை வளர்க்க வேண்டியவர்களின் சித்திரவதையால் இறந்தாள். லாமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை (2003) அவளுடைய வழக்கைக் கையாண்ட சமூகப்பணியாளரின் அனுபவமின்மையையும், அவருக்குக் கிடைத்த மேற்பார்வையின் மோசமான நிலையையும் பதிவுசெய்தது. கடுமையாகச் சாடியதோ மேலதிகாரிகளை. இன்று இங்கிலாந்தில் தகுதி பெறும் முன் 170 நாள் களப்பயிற்சி வேண்டும். அதை மேற்பார்வை செய்பவருக்கும் தனிப் பயிற்சி உண்டு. நம்மால் நாளைக்கே அவ்வளவும் முடியாது.

முடிவது ஒன்று உண்டு. பருவத்தின் ஆறாம் வாரத்தில் மாணவர், நிறுவன மேற்பார்வையாளர், ஆசிரியர் மூவரும் ஒரே மேசையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும். சிக்கல் உள்ளவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லா மாணவருக்கும், அப்போதுதான் அது தண்டனையாகத் தெரியாது. குறை இருந்தால் அதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். ‘ஆர்வம் காட்ட வேண்டும்’ என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. ‘அடுத்த மூன்று வாரத்தில் நான்கு குடும்பங்களை மாலையில் சந்திக்க வேண்டும், முதல் சந்திப்பில் ஆசிரியர் உடன் இருப்பார், ஒரு முதியோர் ஓய்வூதிய விண்ணப்பத்தையாவது தாலுகா அலுவலகம் வரை கொண்டுபோக வேண்டும்’ என்று எழுதினால் செய்தாரா இல்லையா என்று மூவருக்கும் தெரியும். குறை நிறுவனத்துடையது என்று தெரிந்தால் மாணவரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். மாணவருடையது என்றால் இடமாற்றம் தீர்வல்ல, தொல்லையை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதுதான். கோடை விடுமுறையில் கூடுதல் நாள் கொடுப்பது, முடிவில் உடன்பாடில்லாத மாணவர் முறையிட வேறொரு ஆசிரியரை நியமிப்பது இரண்டும் சேர வேண்டும். இத்தனையும் செய்த பிறகு போடும் தோல்விக்கு யாரும் கூச வேண்டியதில்லை.

ஒரு ஆசிரியருக்கு இருபது மாணவர் என்றால் இது நடக்காது என்பார்கள். நியாயமான எதிர்ப்பு. ஐ.சி. நேரத்தை வகுப்பு எடுத்த நேரமாகவே வேலைப் பளுவில் கணக்கிட்டால் நடக்கும். அதைச் செய்ய மறுக்கும் நிர்வாகம் இந்தப் படிப்பை நடத்துவதை நிறுத்திவிடுவது நல்லது.

புதிய வகுப்பு தொடங்கும்போதே துறைத் தலைவர்கள் ஆறாம் வாரக் கூட்டத்தின் தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். ஒட்டவில்லையென்றால் மாணவர்களே, நேரில் போய்க் கேளுங்கள். களத்தில் உங்கள் குறை என்ன என்பதை, திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.